தண்டனையும் பயிற்சியும்

ஒரு தலைமுறை சாபமென்று வீசியெறிந்த பொருளை மற்றொரு தலைமுறை காசு கொடுத்து வாங்கி வந்து கூடத்தில் வைத்துக்கொள்வது உலகில் புதிதன்று. ஆயினும் ‘ட்ரெட்மில்’ என்னும் பெயருக்கு நேர்ந்த ஏற்றத்தைப் போன்ற வியப்பை வேறொன்றில் காண்பது அரிது. இன்று மருத்துவர் அதைப் பரிந்துரைக்கிறார். வசதியுள்ளோர் அதை வாங்குகின்றனர். சில மாதங்கள் சென்றபின் ஈரத்துணி காயப்போடும் கொடியாகவும் அது பயன்படுகிறது. ஆனால் இதே பெயர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஏழை மக்களைக் குலைநடுங்கச் செய்த பெயர். ஏனெனில், அன்று அது சிறைக்குள் இருந்தது.

1818ஆம் ஆண்டில் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர், வேலையின்றிச் சோம்பியிருக்கும் கைதிகளுக்கென்று ஒரு மிதிசக்கரத்தை வகுத்தார். அவ்வாண்டையொட்டி பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரச் சிறையிலும், 1821இல் இலண்டனைச் சேர்ந்த பிரிக்ஸ்டன் சிறையிலும் அது நிறுவப்பட்டது. நீண்டதோர் உருளை, அதன் மேற்பரப்பெங்கும் படிகள். கைதிகள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு வரிசையாக நின்று படியில் கால் வைப்பார்கள். உடலின் பாரத்தால் அந்தப் படி கீழே இறங்கும். உடனே அடுத்த படி வந்து நிற்கும். ஏறிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் ஓரங்குலமும் உயரமாட்டார்கள். இப்படி ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடி உயரம் ஏறியாக வேண்டும். அருகில் நிற்பவனோடு ஒரு சொல்லும் பேசிவிடாதபடி, பல சிறைகளில் இருவருக்கிடையே பலகைத் தடுப்பும் அமைத்திருந்தார்கள்.

சில சிறைகளில் அச்சக்கரம் தானியம் அரைத்தது. சிலவற்றில் நீர் இறைத்தது. வேறு பலவற்றிலோ எதையும் செய்யவில்லை. காற்றைத் தள்ளும் விசிறி ஒன்றைச் சுழற்றியதோடு சரி. காற்றை அரைத்துக் களைத்த கால்கள் அவை! நியூயார்க் நகரச் சிறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்டி என்பவர் 1824இல் எழுதிய நூலில் நுட்பமான ஓர் உண்மையைக் குறிப்பிட்டார். கைதிகளை அச்சுறுத்தியது அவ்வேலையின் கடுமையன்று. மாறுதலே இல்லாத அதன் ஒரே சீரான ஓட்டந்தான் என்பது அவர் கண்டது. பின்னர் மனச்சான்றுள்ளோர் இக்கொடுமையைக் கண்டித்தனர். 1898ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டத்தைத் தொடர்ந்து இங்கிலாந்தில் மிதிசக்கரம் ஒழிந்தது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் புரூஸ் என்னும் இதய மருத்துவரும் வேய்ன் குவின்டன் என்னும் பொறியியலாளரும், நோயாளியை நடக்கவிட்டு இதயத்தைச் சோதிக்கும் நகரும் பட்டைப் பொறி ஒன்றை உருவாக்கினர். 1968இல் விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் எழுதிய நூலொன்று நடைக்கும் ஓட்டத்துக்கும் பெருமை தேடித் தந்தது. அந்நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியியலாளர் வீட்டில் வைக்கத்தக்க நடைப்பொறியைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிறைச் சக்கரத்தின் நேர் வாரிசு அன்று இது. அமைப்பும் வேறு, நோக்கமும் வேறு. எனினும் பெயர் ஒன்று. கால்களின் செயலும் ஒன்று. இரண்டிலும் மனிதன் நடக்கிறான். இரண்டிலும் அவன் எங்கும் போய்ச் சேர்வதில்லை. அப்படியானால் ஒன்று தண்டனையாகவும் மற்றொன்று பயிற்சியாகவும் இருப்பது எதனால்?

“விருப்பம்” என்று உடனே விடை சொல்லத் தோன்றும். விரும்பிச் செய்வது பயிற்சி, விரும்பாது செய்வது தண்டனை என்பது உண்மைதான். ஆனால் முழு உண்மையன்று. வயிற்றுப் பிழைப்புக்காக மூட்டை சுமப்பவரை யாரும் சங்கிலியால் பிணைத்து இழுத்து வரவில்லை, அவராகவே வருகிறார். அதனால் அது பயிற்சியாகிவிடுமா?

“பயன்” என்று வேறு சிலர் சொல்லக்கூடும். பயனுள்ள உழைப்பு மனிதனை வருத்தாது என்பது அவர்கள் வாதம். அதுவும் போதாது. தானியம் அரைத்த சக்கரத்தில் ஏறியவனும் கைதியாகவே இருந்தான். அவன் அரைத்த மாவு அவன் துன்பத்தைத் துடைத்துவிடவில்லை.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்லலாம். அது நிறுத்தும் உரிமை. இன்றைய நடைப்பொறியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. கால் இடறினால் பொறியே நின்றுவிடும்படி, உடையில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறும் இருக்கிறது. மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கலாம். போதுமென்று தோன்றினால் இறங்கிவிடலாம். சிறைச் சக்கரத்தில் இல்லாதது அந்தப் பொத்தான் ஒன்றே. ரமளானில் நோன்பு நோற்பவரின் பசியும் வறியவரின் பசியும் வயிற்றில் ஒன்றுபோலவே எரிகின்றன. ஆனால் நோன்பாளிக்கு மஃரிபின் பாங்கொலி உண்டு. வறியவரின் பசிக்கு முடியும் நேரம் குறிக்கப்படவில்லை.

இது வெறும் தத்துவப் பேச்சன்று. உடலும் இதற்குச் சான்று கூறுகிறது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் இலண்டனின் போக்குவரத்துத் தொழிலாளர் சுமார் 31,000 பேரை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்தே இருந்த பேருந்து ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்துகளில் பயணச்சீட்டுக் கொடுத்தபடி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாயிருந்தது. பணியில் சேரும்போதே ஓட்டுநர்கள் சற்றுப் பருத்தவர்களாய் இருந்தனர் என்பதைச் சீருடை அளவுகளைக் கொண்டு 1956இல் எடுத்துரைத்தவரும் அதே மாரிஸ்தான். தம் முடிவைத் தாமே உரசிப் பார்த்த நேர்மை அது. எப்படியாயினும், உடலுழைப்பு நலம் தரும் என்னும் எண்ணத்துக்கு அவ்வாராய்ச்சி வலிய அடித்தளமாயிற்று.

ஆனால் எல்லா உழைப்புமா? 2021இல் கோபன்ஹேகனிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பத்தாண்டு அளவில் பின்தொடர்ந்தது. ஓய்வு நேரத்தில் உடலை மிகுதியாக இயக்கியவர்களுக்கு இதய ஆபத்தும் மரண ஆபத்தும் குறைந்தன. தொழிலில் உடலை வருத்தி மிகுதியாக உழைத்தவர்களுக்கோ அவை கூடின! ஒரே வியர்வை, ஒரே இதயத்துடிப்பு, விளைவு மட்டும் எதிரெதிர். இதன் காரணம் குறித்து ஆராய்ச்சியாளரிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அவர்கள் எண்ணிப் பார்க்கும் காரணங்களுள் ஒன்று, பயிற்சி செய்பவர் களைத்ததும் ஓய்கிறார். கூலிக்கு உழைப்பவரால் நினைத்தபோது ஓய முடிவதில்லை என்பது.

வாசக நேயர்களே! இனி நம் வீடுகளுக்கு வருவோம். மாடியில் குடும்பத் தலைவர் நடைப்பொறியில் அரைமணி நேரம் நடக்கிறார். எத்தனை அடிகள் நடந்தார் என்பதைக் கைக்கடிகாரம் எண்ணிச் சொல்கிறது. அவரும் பெருமையோடு நம்மிடம் சொல்கிறார். அதே வேளையில் வீட்டு வேலைக்கு வரும் பெண் வாளித் தண்ணீரோடு அதே மாடிப்படிகளில் ஏறி இறங்குகிறார். அவருடைய அடிகளை எண்ணுவார் யாருமில்லை. அடுப்படியில் நிற்கும் உம்மாவை நினைத்துப் பாருங்கள்! ஸஹருக்கு எல்லோருக்கும் முன்னே எழுந்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அவசரமாய் இரண்டு கவளம் உண்பவர் அவர். அவருக்கு மூட்டுவலி என்றால், “சிறிது நடந்தால் சரியாகிவிடும்” என்று ஆலோசனை கூறுகிறோம்! அவர் நடக்காத நாள் எது?

உடற்பயிற்சி தீது என்று சொல்ல வரவில்லை. உட்கார்ந்தே வாழும் நமக்கு அது தேவை. நடைப்பொறி வாங்கியவர் அதில் நடக்கட்டும், துணி காயப்போட வேண்டாம். உழைப்பு எல்லாம் தண்டனை என்றும் சொல்லவில்லை. பிறருக்காக மனமுவந்து பாடுபடுவதில் உள்ள நிறைவு எந்தப் பொறியிலும் கிடைக்காது. சொல்ல வந்தது ஒன்றே. நமக்காக உழைப்பவர்களின் கையில் அந்தச் சிவப்புப் பொத்தான் இருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும். “இன்று முடியவில்லை” என்று அந்தப் பணிப்பெண் அஞ்சாமல் சொல்லக் கூடுமா? சொன்னால் கூலி குறையாதா? “நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று உம்மாவிடம் சொல்ல வீட்டில் ஒருவராவது உண்டா?

இங்கிலாந்தின் சிறைச் சக்கரங்களைச் சட்டம் நிறுத்தியது. நம் இல்லங்களில் ஓசையின்றிச் சுழலும் சக்கரங்களை நிறுத்தச் சட்டம் வராது. வாளியை ஒருமுறை நாமே எடுத்துச் சென்றால், அந்தச் சக்கரம் அன்றைக்கு ஒரு சுற்றுக் குறையும். அதுவும் நல்ல உடற்பயிற்சிதான்.