பார்த்துச் சென்றவன்

குளத்தில் ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. நீர் இடுப்பளவுதான். கரையில் நிற்கும் ஒருவன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அக்குழந்தை அவனுக்கு உறவன்று. அவன் அதைத் தள்ளிவிடவும் இல்லை. குழந்தை இறந்துவிடுகிறது. அவன் செய்தது பாவம் என்பதில் நம்முள் எவர்க்கும் ஐயமிராது. ஆனால் அது குற்றமா?

என் பழைய மாணவர் ஒருவர் இன்று பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிற்றும் விரிவுரையாளர். பிரெஞ்சு நாட்டுச் சட்டமுறையை நம் நாட்டு மாணவர்க்கு அறிமுகம் செய்யும் பாடம் அவர் பொறுப்பில் உள்ளது. முதல் வகுப்பில் அவர் நீதிமன்றங்களின் பெயர்களைக் கரும்பலகையில் அடுக்குவதில்லை. 1804ஆம் ஆண்டு நெப்போலியன் காலத்தில் பிறந்த குடியியல் சட்டத் தொகுப்பின் பெருமையையும் பேசுவதில்லை. மேலே சொன்ன குளத்துக் கேள்வியைக் கேட்டுவிட்டு அமர்ந்துவிடுவாராம். சென்ற விடுமுறையில் என் இல்லம் வந்திருந்தபோது இதனைச் சொன்னார். கற்பித்தல் முறை என்ற அளவில் அதனை மனமாரப் பாராட்டினேன். பாராட்டியபின் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

கேள்விக்கு நம் சட்டம் தரும் விடை பலரை அதிர வைக்கும். அம்மனிதன் குற்றவாளி அல்லன். பெற்றோராக இருந்தால், காவலராக இருந்தால், பள்ளிப் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துச் சென்ற ஆசிரியராக இருந்தால் கடமை உண்டு. விபத்தில் தொடர்புடைய வண்டியோட்டி நின்று உதவ வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கூறுகிறது. ஆனால் வழியே போகும் அயலானுக்கு அத்தகைய பொதுக் கடமை எதுவும் இல்லை. இது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய நிலை. 'அயலானை நேசி' என்னும் கட்டளை சட்டத்துக்குள் நுழையும்போது 'அயலானுக்குத் தீங்கு செய்யாதே' என்று சுருங்கிவிடுகிறது என்னும் கருத்தை, 1932இல் புகழ்பெற்ற ஒரு வழக்கில் அட்கின் பிரபு வெளிப்படையாகவே கூறினார்.

நம் தண்டனைச் சட்டத்தின் வேர் இன்னும் சுவையானது. 1837இல் மெக்காலே தலைமையில் இந்தியாவுக்கென வரையப்பட்ட நகல், 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாயிற்று. அதனைத் தழுவி 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒரு சட்டம் வந்தது. அதன் வழிவந்ததே நம்முடையது. 1835ஆம் ஆண்டுக் கல்விக் குறிப்பை எழுதிய அதே மெக்காலேதான். நம் மொழி ஆசிரியர்களுக்கு அவர்மேல் நல்லெண்ணம் இருக்க நியாயமில்லை. ஆயினும் இவ்விடத்தில் அவர் சொன்னதைச் செவிமடுத்தே ஆகவேண்டும். பசியால் ஒருவன் தன் காலடியில் இறக்கக் கண்டும் வாளாவிருக்கும் செல்வன் கெட்டவன். நாம் கடுமையாகத் தண்டிக்கும் பலரினும் கெட்டவனாக இருக்கலாம். ஆனால் அவனைத் தண்டிக்கப் புகுந்தால் எல்லைக் கோட்டை எங்கே இழுப்பது என்று அவர் வினவுகிறார். கல்கத்தாவில் இருக்கும் மருத்துவர் ஒருவரே குறிப்பிட்ட அறுவையைச் செய்ய வல்லவர். நோயாளி மீரட்டில் கிடக்கிறார். அத்தனை தொலைவு செல்ல மறுத்த மருத்துவரைக் கொலைகாரர் எனலாமா? இவ்வாறு எண்ணியே, சட்டம் கடமையாக்கிய இடத்தில் மட்டும் 'செய்யாமை' குற்றமாகும் என வரையறுத்தனர். இதயமில்லாமல் எழுதப்பட்டதன்று அந்த விதி. இதயத்தை அளக்கும் கோல் கிடைக்காமையால் எழுதப்பட்டது.

பிரெஞ்சுக்காரர் அந்தக் கோலைத் தேடிப் பார்த்திருக்கின்றனர். அவர்களது தண்டனைத் தொகுப்பின் 223-6ஆம் பிரிவு, ஆபத்தில் இருப்பவருக்குத் தனக்கோ பிறர்க்கோ இடரின்றி உதவக்கூடியவன் வேண்டுமென்றே உதவாதிருந்தால், ஐந்தாண்டுச் சிறையும் 75,000 யூரோ தண்டமும் வரை விதிக்கிறது. தானே இறங்கிக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. உதவிக்கு ஆள் அழைத்தாலும் போதும். 1997இல் பாரிஸ் சுரங்கப் பாதையில் இளவரசி டயானா விபத்துக்குள்ளானபோது படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்மீது இக்குற்றத்தின் பேரிலும் விசாரணை நடந்தது. 1999இல் அது கைவிடப்பட்டது. ஜெர்மனியிலும் இத்தகைய சட்டம் உண்டு. அங்கே உச்சத் தண்டனை ஓராண்டு. ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் வந்த அமெரிக்க மாநிலமாகிய வெர்மான்ட் 1967இல் ஒரு சட்டம் இயற்றியது. அங்கே தண்டம் நூறு டாலருக்கு மேற்படாது. ஓர் உயிரைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு ஓரிடத்தில் ஐந்தாண்டு, மற்றோரிடத்தில் நூறு வெள்ளி! மெக்காலே கேட்ட எல்லைக் கோடு எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வகுப்பில் நடப்பதை என் மாணவர் விவரித்தார். முதலில் ஒருவர் எழுந்து, "இவ்விதியைத் தோற்றுவித்த வழக்கு எது?" என்று கேட்பாராம். தீர்ப்புகளின் வழியே சட்டம் வளரக் கண்டு பழகியவர்களின் கேள்வி அது. வழக்கு எதுவுமில்லை, சட்டமன்றம் எழுதியது. நீதிபதிகள் பொது விதி வகுக்கலாகாது என்று அவர்களது குடியியல் தொகுப்பின் 5ஆம் பிரிவே தடுக்கிறது என்றதும் வியப்படைகின்றனர். அடுத்து வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. பிரெஞ்சுக்காரர் மனிதர், நாம் கல்நெஞ்சர் என்பது ஒரு சாரார் கட்சி. அன்பைச் சிறைக்கு அஞ்சிச் செலுத்துவதா என்பது மற்றவர் கட்சி.

அவ்வேளையில் அவர் இன்னொரு செய்தியைச் சொல்வார். இந்த மனிதநேயச் சட்டம் முதன்முதலில் வந்தது 1941 அக்டோபரில், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது, விஷி அரசால். அதற்குச் சில நாள் முன்னர்தான் நாந்த் நகரில் ஜெர்மானிய அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பழியாகப் பிணையாளிகள் பலர் கொல்லப்பட்டனர். நாட்டு விடுதலைக்குப்பின் வந்த அரசு 1945 ஜூனில் அதனைத் திருத்திப் புதிதாக ஏற்றது. கெட்ட வீட்டில் பிறந்த பிள்ளை நல்லவனாக வளர்வதுண்டு என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். எனினும் புகழ்ந்த மாணவர்கள் சற்றே அமைதியாகி விடுகிறார்களாம்.

பிறநாட்டுச் சட்டத்தை மாணவர்க்குக் காட்டுவது எதற்காக? அதனைப் பார்த்து நம்மை இகழ்வதற்கும் அன்று, நம்மைப் பார்த்து அதனை இகழ்வதற்கும் அன்று என்று சொல்வது எளிது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வழக்கம் என்று கைகழுவுவது அதனினும் எளிது. அதனை நான் ஏற்கவில்லை. மூழ்கும் பிள்ளை பாரிசில் மூழ்கினாலும் ஈப்போவில் மூழ்கினாலும் மூச்சு ஒன்றே. தீர்ப்புச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தை அவனைவிடத் திறம்படச் சொல்லக் கற்றபின் சொல்ல வேண்டும். வள்ளுவர் ஒப்புரவறிதலை இல்லறவியலில் வைத்தார். செங்கோன்மையை அரசியலில் வைத்தார். உதவுவது இல்லத்தான் கடன். தண்டிப்பது அரசன் கடன். அந்த அமைப்பு மெக்காலேயின் பக்கமா, பிரெஞ்சுக்காரர் பக்கமா என்று மாணவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். நான் பலமுறை எண்ணியும் முடிவு காணவில்லை.

என் உறக்கம் கெட்ட காரணத்துக்கு வருகிறேன். 1993ஆம் ஆண்டு. பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் சேர்ந்த புதிது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நாள், வேறொரு பள்ளிக்கு மேற்பார்வையாளராகச் செல்ல வேண்டும். விடிந்தும் விடியாத நேரம், பால்மரக் காட்டினூடே மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரத்தில் ஒரு மிதிவண்டி சாய்ந்து கிடந்தது. அருகே ஒரு மனிதர். சம்சு குடித்துவிட்டு விழுந்தவராக இருக்கும் என்று எண்ணினேன். எண்ணினேன் என்பதைவிட, எண்ண விரும்பினேன் என்பதே சரி. வண்டியின் வெளிச்சத்தில் அவர் கை அசைந்ததைக் கண்டேன். காவல்துறையினர் என்னையே சந்தேகிப்பார்களோ, தேர்வுக்குத் தாமதமாகிவிடுமோ என்ற நினைவுகளோடு கடந்துவிட்டேன். இரண்டு கல் தொலைவில் தொலைபேசி வைத்திருந்த ஒரு சீனர் கடை திறந்திருந்தது. அதனையும் கடந்தேன்.

நண்பகலில் அவ்வழியே திரும்பினேன். மிதிவண்டி அங்கேயே கிடந்தது, மனிதர் இல்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆண்டும் அதன்பின் வந்த ஆண்டுகளிலும் நன்னெறிக் கல்விப் பாடத்தில் பிறர்க்கு உதவுதல் பற்றி நான்தான் வகுப்பெடுத்தேன்.

இதனை என் மாணவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்த் தம் துறைக்கேற்ப, "ஐயா, பிரான்சிலும் உங்களைத் தண்டிப்பது எளிதன்று. ஆபத்து என்று நீங்கள் அறிந்திருந்ததை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். குடித்தவர் என்று நினைத்ததாகச் சொல்வீர்கள்" என்றார்.

"கை அசைந்ததை நான் கண்டேனே, தம்பி" என்றேன்.

பெயர் சொல்லாமல் இதனை வகுப்பில் கூறலாமா என்று கேட்டார். ஒப்பினேன். இரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. குளத்துக் கேள்விக்குப் பிரிந்த வகுப்பு இதற்கு அவ்வாறு பிரியவில்லையாம். தண்டிக்க வேண்டும் என்றோரும் கூடாது என்றோரும் சட்டப் பிரிவை விட்டுவிட்டு அந்த ஆசிரியரைப் பற்றியே பேசினராம். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும், திரும்பி வரும்போது அவர் ஏன் யாரையும் விசாரிக்கவில்லை என்று கேட்டாளாம். "அதற்கு நான் விடை சொல்லவில்லை ஐயா, தாங்கள் சொன்னால் அடுத்த வகுப்பில் சொல்வேன்" என்று முடித்திருந்தார். அக்கடிதம் என் மேசைமீது உள்ளது. இன்னும் மறுமொழி எழுதவில்லை.