முகம் வரையப் பழகுகிறவன்

ஜப்பானின் ஹினா பொம்மையின் தலையை அவசரமாகச் செய்ய முடியாது. கிரி மரத்தூளைப் பசையோடு பிசைந்து அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். கண்ணாடிக் கண்களைப் பதித்து, சிப்பியை அரைத்த வெண்பூச்சைப் பூசிக் காயவைத்து மறுபடி பூசுகிறார்கள். கண்களும் அதனடியில் மறைந்துபோகும். பிறகு சிறு கத்தியால் மெல்லக் கீறி அவற்றைத் திறக்க வேண்டும். அதன்பின் புருவம். தூரிகை சற்றே பிசகினாலும் முகம் வேறாகிவிடும்.

*

ஷினிச்சி ஃபுகுதா 2018இல் தொடங்கிய மங்கா 'மை டிரெஸ்-அப் டார்லிங்'. 2022இல் அனிமேயாக வந்தது. பொம்மைகளுக்குப் பேர்போன இவாட்சுகியில், ஹினா தலை செய்யும் தாத்தாவிடம் வளர்கிறான் வகானா கோஜோ. வயது 15. ஆண்பிள்ளைக்குப் பொம்மை ஆசையா என்று சின்ன வயதில் ஒரு தோழி முகம் சுளித்தாள். அதிலிருந்து பள்ளியில் அவனுக்குப் பேச்சுத்துணை இல்லை. தன் பிரியத்தைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி மௌனம்தான்.

*

பள்ளித் தையல் அறையில் பொம்மை உடையோடு அவன் அகப்பட்டுக்கொள்ளும்போது மரின் கிடகாவா சிரிக்கவில்லை. தையலின் நேர்த்தியைப் பார்க்கிறாள். தான் தைத்த கோணல்மாணலான உடையைக் காட்டி, தனக்குப் பிடித்த கதாபாத்திரமாக வேடமிட ஒன்று தைத்துத் தரச் சொல்கிறாள்.

அளவெடுக்கும் காட்சியைத் தேவைக்குமேல் நீட்டியிருக்கிறார்கள். அது இல்லாமலும் கதை நின்றிருக்கும்.

*

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அடுத்த 2 வாரங்களை. மரின் பேச்சுவாக்கில் சொன்ன நாளைக் கெடு என்றே எடுத்துக்கொள்கிறான் கோஜோ. தாத்தா மருத்துவமனையில் இருக்கிறார். பள்ளியில் தேர்வு. முடியவே முடியாது என்று உடைந்து அழுகிறான். பிறகு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது நினைவுக்கு வருகிறது, மறுபடி ஊசியை எடுக்கிறான். அப்படியொரு அவசரம் இருந்ததே இல்லை என்று தெரியும்போது அழுவது மரின்.

அதுவரை அவன் கை பொம்மைகளுக்காகவே உழைத்தது. இப்போது உடுத்திப் பார்த்துச் சந்தோஷப்படப்போகிற ஒருத்தியின் முகம் மனதில் இருக்கிறது. காதல் இங்கேயே தொடங்கிவிட்டது என்று நான் நம்புகிறேன், இருவருக்குமே தெரியாமல்.

*

உள்ளூரத் தோன்றாமல் எதையும் அழகு என்று சொல்லாதவன் கோஜோ. அந்த உடையில் மரின் வேடமிட்ட நிகழ்ச்சி முடிந்து ரயிலில் திரும்பும்போது, அரைத்தூக்கத்தில், அவள் அழகாக இருந்ததாகச் சொல்கிறான். மரினின் மனம் அப்போதே அவனிடம் போய்விடுகிறது. அது அனிமேயின் 5ஆம் அத்தியாயம். 12ஆம் அத்தியாயத்தில் தொலைபேசியின் மறுமுனையில் அவன் தூங்கியபிறகு அவள் காதலைச் சொல்கிறாள். அவன் காதில் விழவில்லை.

இந்தத் தாமதம் எனக்குச் சரியாகவே படுகிறது. தாத்தாவின் பக்கத்தில் வருஷக்கணக்காகப் பழகியும், தன் கையில் முகம் இன்னும் கூடிவரவில்லை என்று நினைக்கிறவன் அவன். தன்னையும் ஒருத்தி நேசிப்பாள் என்று நம்ப அவனுக்கு நாள் பிடிக்கும். 2025 மார்ச்சில் மங்கா முடியும்வரை ஃபுகுதா அவனை அவசரப்படுத்தவே இல்லை.