விதைநெல்லும் உயிரணுவும்
நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதால், விதைநெல்லில் பிற ரகம் கலப்பதற்குக் காற்றைவிடக் கையாளும் முறையே மிகுதியான காரணம். எனவேதான் 1922 முதல் நெல்லாராய்ச்சி நடைபெறும் ஆடுதுறை உள்ளிட்ட காவிரிப் படுகையில், விதைவயலைச் சுற்றி 3 மீட்டர் இடைவெளி விட்டு, கலவன்களைப் பிடுங்கி, கதிரடி இயந்திரத்தின் சல்லடை இடுக்கில் தங்கிய மணிகளையும் அகற்றிய பின்னரே அடுத்த ரகத்தை அடிப்பது விதை உற்பத்தியின் நெறியாயிற்று. உயிரணுக்களை வளர்க்கும் ஆய்வகங்களில், கலப்பைத் தடுக்கும் இத்தகைய கண்டிப்பு தளர்ந்தபோது நேர்ந்த இழப்பு பெரிது: தனித்தனி மூலங்களைக் கொண்டவை என நம்பப்பட்ட 18 மனித உயிரணு வழிகளில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் உயிரணுத் தொடர்களில்), ஹீலா என்னும் கருப்பைவாய்ப் புற்றுநோய் உயிரணுக்கள் புகுந்திருந்ததை 1966-இல் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் வெளிப்படுத்தினார். உயிரணுக்களில் நச்சுப்பொருளைச் சோதிக்கும்போதும், அப்பொருள் ஏற்றிய மாதிரியைத் தொட்ட பிப்பெட் முனை, அப்பொருள் படாத ஒப்பீட்டு மாதிரிக்குள் நுழையாதவாறு, ஒவ்வொரு முறையும் புதுமுனை பொருத்துவதும் ஒப்பீட்டு மாதிரியையே முதலில் கையாள்வதும் இதே கண்டிப்பின் பகுதியாக வற்புறுத்தப்படுகின்றன.