அடுக்களையில் பாதிச் சுவர்

உறையூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்யும்போது அடுக்களைக்கு மட்டும் டிஸ்டம்பர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இளம்பச்சை நிறம். மற்ற அறைகள் நாங்கள் அடித்துக் கொடுத்த சந்தன நிறத்திலேயே அழுக்கேறிக் கிடக்கின்றன. அடுக்களையிலும் முழுச் சுவர் இல்லை. ஓர் ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம் வரைதான் பச்சை. அதற்கு மேலே புகைக் கறை அப்படியே இருக்கிறது.

ஏறக்குறைய ஒரு வருடம் வாடகை தராமல் இருந்தவர்கள் அவர்கள். அட்வான்ஸ் கழிந்தும் 40,000 ரூபாய்க்கு மேல் பாக்கி. குளியலறைக் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபேன் ரெகுலேட்டர் இரண்டைக் காணோம். கடைசி மின்கட்டணமும் எங்கள் தலையில்தான் விழுந்தது. இத்தனையும் செய்தவர்களுக்கு அந்தப் பெயிண்ட் டப்பாவை வாங்கவேண்டும் என்று எதற்குத் தோன்றியது?

மாடியில் குடியிருந்தவர் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுப்பவர். 2020 ஊரடங்கில் படுத்த தொழில் எழுந்து, மறுபடி படுத்தது. இப்போது பாதிப் பேர் வாட்ஸ்அப்பிலேயே அழைத்துவிடுகிறார்கள், பத்திரிகை நூறு போதும் என்கிறார்கள் என்று சொல்வார். அது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் வாசலில் புது வண்டி ஒன்று நின்றதும் உண்மை. கேட்கப் போகும்போதெல்லாம், "வெள்ளிக்கிழமை தந்துடறேம்மா" என்பார். அம்மா நம்புவாள். வெள்ளிக்கிழமை கதவு பூட்டியிருக்கும்.

அம்மாவுக்கு அந்த வாடகைதான் மருந்துச் செலவு. அப்பா தனியார் மில்லில் கணக்கெழுதியவர். ஓய்வுபெற்றபோது வந்த பி.எஃப். பணத்தில் கட்டிய மாடி அது. வீட்டு ஓனர் என்றாலே இரண்டு தலைமுறைக்குச் சொத்து உள்ளவர் என்று ஊர் நினைக்கிறது. தமிழ்நாட்டில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பணத்தில்தான் மாதத்தை ஓட்டுகிறார்கள். வாடகை நின்றால் அவர்கள் வீட்டில் முதலில் நிற்பது மாத்திரை.

தம்பி கொதித்தான். "மோட்டார் ஸ்விட்சை ஆஃப் பண்ணு, ரெண்டே நாள்ல கிளம்பிடுவாங்க" என்றான். அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் வருடச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. அம்மாவுக்குச் சட்டமெல்லாம் தெரியாது. "குழந்தை இருக்கிற வீடுடா. தண்ணிய நிறுத்துற பாவம் நமக்கு வேண்டாம்" என்று முடித்துவிட்டாள். எனக்கு அன்றைக்கு அம்மா மேலும் கோபம் வந்தது.

அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்ததும் குடியிருந்தவரின் மனைவியை நினைத்து அம்மா சொன்னது இதுதான்: "அவ அடிச்சதா இருக்கும். அவன் அடிச்சிருந்தா ஏணி போட்டிருப்பான்."

சின்ன வயதில் நாங்களும் வாடகை வீட்டில்தான் இருந்தோம். கும்பகோணத்தில் ஒரே கூரையின் கீழ் ஐந்து குடித்தனம். கிணற்றில் தண்ணீர் இறைக்க நேரம் உண்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் முற்றத்து விளக்கு எரியக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. அப்பா தினசரி காலண்டரை ஜன்னல் கம்பியில் சணலால் கட்டித் தொங்கவிட்டிருப்பார். காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும். தேதி பார்க்க வேண்டுமானால் கையால் பிடித்துத் திருப்ப வேண்டும். அந்த வீட்டை விட்டு வரும்போது அப்பா ஒரு முழு நாள் நின்று எல்லாச் சுவருக்கும் வெள்ளையடித்தார். நான் வாளியில் சுண்ணாம்பைக் கலக்கிக் கொடுத்தேன். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்த அப்பாவின் முகத்தில் இருந்தது நிம்மதியா, பெருமையா என்று அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அப்பாவுக்குத் திரும்ப வாங்க ஓர் அட்வான்ஸ் இருந்தது. மாடியில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை. பச்சை அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கையில் ஒரு ரூபாய் வரப்போவதில்லை என்று தெரிந்துதான் அடித்திருக்கிறார்கள். என் மனம் போய் முட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறளை அப்பா அடிக்கடி சொல்வார். உடம்புக்குள் ஓரமாய் ஒதுங்கி வாழும் உயிருக்கு நிரந்தரமாகப் புகுந்துகொள்ள ஒரு வீடு இன்னும் கிடைக்கவில்லை போலும் என்று வள்ளுவர் இரங்குகிற குறள். சொந்த வீடில்லாத காலத்தில் அப்பாவுக்கு அது ஆறுதல். மாடி கட்டிய பிறகு அவர் அதைச் சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை. வள்ளுவர் குடியிருப்பவர் பக்கம் நின்று பார்த்தார். விட்டுப்போன பிறகு அந்த உடம்புக்கு என்ன ஆகிறது என்பதை அங்கே கேட்கவில்லை. எனக்கோ இப்போது இரண்டு பக்கமும் நிற்க வேண்டியிருக்கிறது.

எடுத்துக்கொண்டு போனதையும் விட்டுவிட்டுப் போனதையும் ஒரே கணக்கில் வைக்க முடியுமா? புகைக் கறையோடு அடுக்களையை இன்னொரு பெண்ணிடம் விட்டுப்போகக் கூசியிருக்கலாம். அம்மாவிடம் நேரில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று அதில் இருக்கலாம். வெறுமனே, பாதி டப்பா மிச்சமிருந்ததால் அடித்ததாகவும் இருக்கலாம். குழாயைக் கழற்றிய கையும் பெயிண்ட் அடித்த கையும் வேறு வேறாக இருந்தால் நான் யார் மேல் கோபப்படுவது? ஒரே கை என்றால் அந்த மனிதரை என்னவென்று நினைப்பது?

சட்டத்தின் கேள்வி இவ்வளவு சிக்கலானது இல்லை. எங்களிடம் இருந்தது 11 மாத ஒப்பந்தம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்துக்காக எல்லோரும் பிடித்துக்கொண்ட வழக்கம் அது. புதிய சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மாத பாக்கி விழுந்து, அறிவிப்பு கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டவில்லை என்றால் காலி செய்யச் சொல்லி மனுப் போடலாம். வீடு வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். குடியிருப்பவருக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது.

அந்த 40,000 ரூபாய்க்கு வழக்குப் போடலாம் என்கிறான் தம்பி. வேண்டாம் என்கிறாள் அம்மா. இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. அவர்களின் புது விலாசம் எங்களிடம் இருக்கிறது. நோட்டீஸ் இன்னும் அனுப்பவில்லை.