கேட்கும் செவியும் மருந்தே



இறந்த மகவைச் சுமந்து கிசா கோதமி வீடுதோறும் கடுகு கேட்டலைந்தாள். சாவு காணாத வீடு ஒன்றேனும் இல்லை. பகவன் அவளை ஒத்த துயருடையோரிடமே அனுப்பினார். அவர்கள் சொற்களே மருந்தாயின.

1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கையினின்று தமிழ்நாடு வந்தோரின் மக்கள் பலர் முகாமிலேயே பிறந்து, இன்று கல்லூரியில் பயில்கின்றனர். 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் சென்று அவ்வுரிமை பெற்று, 2024இல் வாக்களித்தார். அந்நாளுக்குப் பின் ஏதிலிப் பெற்றோர்க்குப் பிறந்தோருக்கோ அவ்வாயில் அடைபட்டது. பட்டம் பெற்றாலும் கடவுச்சீட்டு இல்லை. அரசுப் பணி அரிது. இவ்வச்சத்தை உடன் பயிலும் தோழரிடமும் கூற நாணுவோர் உளர். மறைத்த துயர் உள்ளேயே எரியும்.

நம் பெங்களூர்க் கல்லூரிகளிலும் திபெத்தியர், ஆப்கானியர் முதலிய நாடிழந்த மாணவர் உளர். பௌர்ணமி வழிபாடு முடிந்தபின் அத்தகையோர் ஒருங்கமர்ந்து மனம் திறக்க நம் விகாரையில் ஓர் அறை ஒதுக்குவோம். எவரிடமும் சான்று கேளோம். கேட்டதை வெளியே உரையோம்.

பிறப்பால் எவரும் இழிந்தவரல்லர் என்ற வாக்கன்றோ நம்மைத் தம்மத்திற்கு அழைத்தது! பிறப்புச் சான்றால் ஒருவரை அளப்பதும் அப்பழைய பிழையே.

நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்றார் ஆனந்தர். பாதியன்று, முழுமையும் அதுவே எனத் திருத்தினார் பகவன். குடியுரிமை வழங்க நம்மால் இயலாது. நட்பு வழங்க இயலும். அதனை இப்பௌர்ணமியிலேயே தொடங்குவோமாக!