குடியேற்றமும் குடியாட்சியும்

திங்களினுஞ் செவ்வாயினும் மாந்தர் குடியேறுதல் முன்னேற்றமாமோ என்பது இக்காலத்து அறிஞர் ஆராயும் வினாக்களுள் ஒன்று. கருவிகள் பெருகுதலே முன்னேற்றமென்பர் ஒருசாரார். குடியேறுவோர் தம்மைத் தாமே ஆளும் உரிமை பெறாவிடத்து அது முன்னேற்றமாகாதென்பது எமது துணிபு. இதற்குச் சான்று நமது வன்னி நிலத்திலேயே உளது.

இரணைமடுக் குளத்தையொட்டிக் குடாநாட்டு மக்கள் கிளிநொச்சியிற் குடியேறினர். சர்வசன வாக்குரிமை 1931 இல் வந்தது. காணி அபிவிருத்திச் சட்டம் 1935 இல் வந்தது. ஆதலின் இச்சட்டத்தின்கீழ்க் காணி பெற்றோர்க்கு வாக்கும் இருந்தது. மலையகத் தமிழர் நிலை வேறு. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலார் நாடற்றவராயினர்; 1949 இல் வாக்கும் இழந்தனர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் வன்னிக்கு வந்தோருட் பலர் காடு வெட்டிக் கழனி செய்தும், தம்மை ஆள்வோரைத் தெரியும் உரிமையின்றி வாழ்ந்தனர். எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003 இலேயே பிறந்தது. அத்துணையாண்டு அவர் உழைப்பு நாட்டுக்கு வேண்டியிருந்தது. அவர் சொல் வேண்டியிருந்திலது.

இனி, செவ்வாயை நோக்குக. ஈண்டுக் குளத்துத் துருசு ஒருவன் கையதாயின் வயல் வாடும். குடியானவன் வேற்றூர் சென்றேனும் பிழைப்பான். ஆண்டு மூச்சுக்காற்றே பொறியால் ஆக்கப்படுவது. 2021 இற் செவ்வாயில் இறங்கிய ஊர்தியொன்றிலிருந்த கருவி, அங்குள்ள கரியமிலவாயுவினின்று பிராணவாயுவைப் பிரித்துக் காட்டிற்று. அப்பொறியை உடையான் உயிரையே உடையானாவன். அவனை நீங்கிச் செல்லப் புறம்பே இடமுமில்லை. 1967 ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, எந்நாடும் திங்கள் முதலியவற்றைத் தனதாக்கலாகாதென விலக்கிற்று. எனினும் ஆண்டு வாழ்வார் தம்மை ஆளுமாறு யாதென அது கூறிற்றிலது.

அற்றேல், இடர் மிக்க இடத்து ஒருவன் ஆணையே வேண்டும், கூட்டங்கூடி வாக்கெடுத்தல் அமையாதெனின், கூறுதும். சிறுபோகத்திற் குளநீர் குறையுங்கால், எத்துணை ஏக்கர் விதைப்பதென்பதைக் கமக்காரர் கூட்டங்கூடியே துணிகின்றனர். துருசு திறப்போன் அத்துணிபின்வழி நிற்பன். புயலிடை மீகாமன் ஆணையிடுக. அவனைத் தெரிதலும் வினாவுதலும் கலத்திலுள்ளார்க்கு உரியவாகுக.

ஆசிரியன்மீர்! விண்ணூர்தியின் விரைவை மாணாக்கர்க்குக் கற்பிக்குங்கால், அதனுள் திறவுகோல் யார் கையது, அவர் யாருக்கு விடையிறுப்பர் என்னும் வினாவையும் உடன் கற்பியுங்கள். குடியேறியபின் உரிமை வழங்குவோம் என்பார்க்கு விடையாக, 1948 முதல் 2003 வரை மலையக மக்கள் காத்திருந்த ஐம்பத்தைந்தாண்டுகளை எடுத்துக் காட்டுங்கள்.