கரை தேடி வரும் பறவைகள்

சென்ற மாதம் சுங்கை பாக்காப்பிலிருந்து வடக்கே தெலுக் ஆயர் தாவார் கரைக்குப் போயிருந்தோம். சைபீரியாவில் நிலம் உறையுமுன் கிளம்பி, ஆயிரக்கணக்கான மைல் பறந்து, செப்டம்பர் முதல் வந்திறங்கும் உள்ளான்கள் அங்கே சேற்றைக் கிளறிப் புழு பொறுக்குகின்றன. சிறகை விரித்து மடக்கும் பறவைகளைத் தாங்குபவன் யாரென்று சூரத்துல் முல்க் 19ஆம் ஆயத்து அறிவிக்கிறது.

வெறும் வயிற்றோடு கிளம்பி நிறைந்து திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு உவமை சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கிளம்பிய பறவையைத்தான், கூட்டில் கிடந்ததையல்ல!

ஆனால் பறந்து வந்ததற்கு இரையுள்ள கரை வேண்டாமா? ஊர் விட்டு நம் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கரை நாம்தாம். இரண்டு மாதக் கூலியை நிறுத்தி வைத்திருப்போர் நம்மிலும் உண்டு. பெருநாள் நெருங்குகிறது, அக்கரையில் அவன் தாயார் தபாலை எதிர்பார்த்திருக்கிறாள்.